அமுக்க உணரிகள்: வகைகளும் இயங்குமுறைகளும்
அளவீட்டின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

1

தொழில்நுட்பக் கருவிகள் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் இரு வகையின. ஒருவகை, கருவியின் உறுப்புகளைப் பாடநூல் முறையில் வரிசைப்படுத்திக் கூறுவது. மற்றையது, கண்டுபிடித்தவரின் மேதைமையை வியந்துரைப்பது. முதல்வகை, கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சொல்லும். அது ஏன் ஒரு குறிப்பிட்ட காலத்திலே தோன்றியது என்பதைச் சொல்லாது. இரண்டாவது வகை, தனிமனிதரை வரலாற்றிலிருந்து பிரித்து நிறுத்தி, அவரைத் தோற்றுவித்த உழைப்பையும் தேவையையும் மறைத்துவிடும். இவ்விரு குறைகளையும் தவிர்த்து, நமது அன்றாட வாழ்விலே பெரிதும் பயன்படுகின்ற, ஆனால் பெரும்பாலும் கண்ணிற் படாத ஒரு கருவி வகையான அமுக்க உணரிகளைப் பற்றி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மோட்டார் வாகனத்தின் எஞ்சினிலும், நோயாளியின் கையிலே சுற்றப்படும் பட்டியிலும், தொழிற்சாலைக் குழாய்களிலும், ஆழ்கடலின் அடியிலும் இக்கருவிகள் உள்ளன.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. ஓரலகுப் பரப்பின்மீது செங்குத்தாகத் தாக்கும் விசையே அமுக்கம். தமிழ்நாட்டில் இதனை அழுத்தம் என்பர். ஈழத்துப் பாடநூல்களில் அழுத்தம் என்னுஞ் சொல் மின்னியலுக்குரியதாகிவிட்டமையால், இங்கு அமுக்கம் என்னும் வழக்கே நிலைபெற்றுள்ளது. பேச்சுவழக்கில் இரண்டுமின்றிப் ‘பிறசர்’ என்னும் ஆங்கிலச் சொல்லே நோயின் பெயராகிவிட்டது.

உணரி என்னுஞ் சொல்லும் சிறிது கவனத்துக்குரியது. தமிழில் உணர்தல் என்பது புலன்களால் அறிதலையும், அவ்வாறு அறிந்ததன் பொருளை விளங்கிக்கொள்ளுதலையும் ஒருங்கே குறிக்கும். இக்கருவியோ இவற்றுள் எதனையும் செய்வதில்லை. அமுக்கத்தின் கீழ் அதன் ஓருறுப்பு நிலைமாறுகின்றது, அல்லது வளைகின்றது, அந்த மாற்றம் ஒரு சுட்டியின் அசைவாகவோ மின்சைகையாகவோ வெளிப்படுகின்றது. அதனைப் பொருளுடைய செய்தியாக ஆக்குவோர் மனிதரே. அவர்கள் எத்தகைய உறவுகளுக்குள் நின்று அதனைச் செய்கின்றனர் என்பதிலேயே கருவியின் பயன் முடிவாகத் தங்கியுள்ளது. இக்கூற்றினை, உணரிகளின் வகைகளை ஒவ்வொன்றாக நோக்கியபின், இரண்டு பேரிழப்புகளின் துணைகொண்டு நிறுவ முயல்வோம்.

2

அமுக்கத்தை அளத்தல் என்பது எப்பொழுதும் ஓர் ஒப்பீடாகும். எதனோடு ஒப்பிடுகின்றோம் என்பதைப் பொறுத்து உணரிகள் மூவகைப்படும். வெற்றிடத்தைப் பூச்சியமாகக் கொண்டு அளப்பது தனி அமுக்கம். சூழவுள்ள வளிமண்டலத்தைப் பூச்சியமாகக் கொண்டு அளப்பது மானி அமுக்கம். இரண்டு இடங்களுக்கிடையிலான வேறுபாட்டை மாத்திரம் அளப்பது வேறுபாட்டு அமுக்கம். காற்றுப்போன ரயரை மானியுடன் இணைத்தால் அது பூச்சியத்தைக் காட்டும். ஆயினும் ரயரினுள்ளே வளிமண்டல அமுக்கம், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14.7 இறாத்தல், இருந்துகொண்டேயிருக்கும். வானிலை ஆராய்வோருக்கும் விமானம் செலுத்துவோருக்கும் தனி அமுக்கம் வேண்டும். கொதிகலத்தைக் கவனிப்போருக்கு மானி அமுக்கம் போதும். குழாயினூடே பாயும் திரவத்தின் அளவை அறிய வேறுபாட்டு அமுக்கம் உதவும்.

வரலாற்று முறையில் முதலில் தோன்றியது திரவ நிரல் மானி. 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தாலியில் கிணறுகளிலிருந்து நீரிறைத்தோர், உறிஞ்சு பம்பியால் ஏறத்தாழ பத்து மீற்றருக்கு மேல் நீரை உயர்த்த முடியாதிருப்பதை அனுபவத்தால் அறிந்திருந்தனர். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலே இச்சிக்கலைக் குறிப்பிட்டார். அவரைத் தொடர்ந்து வந்த ரொறிசெல்லி, நீருக்குப் பதிலாக அதனினும் 13.6 மடங்கு அடர்த்தியுடைய இரசத்தைப் பயன்படுத்தினார். ஒருமுனை மூடிய கண்ணாடிக் குழாயை இரசத்தால் நிரப்பி, இரசத் தொட்டியிற் கவிழ்த்தபோது, இரசம் ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றது. வெளியேயுள்ள வளியின் பாரமே அதனைத் தாங்கி நின்றது என்பது அவரது முடிவு. 1648 செப்டெம்பர் 19இல், பஸ்காலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே, பிரான்சிலுள்ள புய் த டோம் மலைமீது இரசக் குழாயைக் கொண்டு சென்று, உயரம் கூடும்பொழுது இரச நிரல் தாழ்வதைக் காட்டினார். அமுக்கத்தின் அனைத்துலக அலகு 1971 முதல் பஸ்காலின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இதன் பின்னணியிலே பம்பி நிற்பதை நாம் மறத்தலாகாது. இயற்கை வெற்றிடத்தை வெறுக்கின்றது என்னும் பழைய மெய்யியற் கொள்கையை அசைத்தது, பத்து மீற்றருக்கு மேல் நீரை ஏற்ற இயலாது நின்ற ஒரு தொழிலின் அனுபவம். அதனைக் கொள்கையாக வடித்தவர்கள் அறிஞர்கள் என்பது உண்மையே. எனினும் வினாவை முன்வைத்தது உடலுழைப்பாகும்.

திரவ நிரல் மானியின் சிறப்பு அதன் நம்பகத்தன்மை. திரவத்தின் அடர்த்தியும் நிரலின் உயரமும் புவியீர்ப்பும் தெரிந்தால் அமுக்கம் தெரிந்துவிடும். 1896இல் இத்தாலிய மருத்துவரான ரிவா-றொச்சி குருதி அமுக்கத்தை அளக்கக் கைப்பட்டியோடு இரச நிரலையே இணைத்தார். 1905இல் ருஷ்ய மருத்துவர் கொரொட்கோவ், பட்டி தளரும்போது நாடியிற் கேட்கும் ஒலிகளைக் கொண்டு மேல் கீழ் அளவுகளை வேறுபடுத்தும் முறையைக் கூறினார். 2013இல் நிறைவேறிய மினமாற்றா உடன்படிக்கைக்குப் பின்னர் இரசக் கருவிகள் மருத்துவமனைகளிலிருந்து நீங்கி வருகின்றன. இன்றைய மின்கருவியில் ஒரு துளி இரசமும் இல்லை. ஆயினும் மருத்துவர் இன்றும் இரச மில்லிமீற்றர்க் கணக்கிலேயே அளவைச் சொல்கிறார்.

3

நிரல் மானியின் குறை அதன் உயரமே. ஒரு வளிமண்டலத்துக்கு 76 சென்ரிமீற்றர் என்றால், பத்து வளிமண்டல அமுக்கத்தை அளக்க 7.6 மீற்றர் உயர இரச நிரல் வேண்டும். அதனை ஓடும் புகையிரத எஞ்சினிற் பொருத்துவதெங்ஙனம்? 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கேள்வி எழவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து நீரிறைப்பதற்காக 1712இல் நியுகொமன் அமைத்த பொறியில் நீராவி குளிர்ந்து சுருங்கியபின் வளிமண்டலமே முசலத்தைக் கீழே தள்ளியது; கொதிகலத்தின் அமுக்கம் மிகக் குறைவாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் உயர் அமுக்க நீராவி வழக்கிற்கு வந்தபோது நிலைமை முற்றாக மாறியது.

இம்மாற்றத்தின் சமூகப் பொருளை மார்க்ஸ் கூர்ந்து கண்டார். ‘மூலதனம்’ முதற்பாகத்தில், இயந்திரங்களும் பெருந்தொழிலும் பற்றிய அதிகாரத்தில், பிரித்தானிய ஆலைகளில் வேலைநேரம் சட்டத்தாற் குறைக்கப்பட்டபின் முதலாளிகள் எவ்வாறு அக்குறைந்த நேரத்திலேயே கூடிய வேலையைப் பெற்றனர் என்பதை விளக்குகையில், பொறியியலாளர் நாஸ்மித் 1852இல் ஆலைப் பரிசோதகர் ஹோணருக்கு எழுதிய கடிதத்தை அவர் சான்றாகக் காட்டுகின்றார். பழைய பரிவலுப் பெயரைத் தாங்கிய நீராவிப்பொறிகள் முன்னையினும் மிகக் கூடிய வேலையைச் செய்தன என்பது அக்கடிதத்தின் சாரம். பொறி வேகங்கொண்டால் தறியும் வேகங்கொள்ளும்; தறி வேகங்கொண்டால் அதனைக் கவனிக்கும் தொழிலாளியின் கையும் கண்ணும் அதற்கு ஈடுகொடுத்தே ஆகவேண்டும்.

இக்காலத்தின் தேவைக்கு விடையாக வந்தவையே மீள்தன்மை உணரிகள். உலோகம் தாங்கத்தக்க விசைக்கு உட்படும்பொழுது வளைந்து, விசை நீங்கியதும் முன்னைய நிலைக்கு மீள்கின்றது. வளைவின் அளவு விசையின் அளவைக் காட்டும். 1844இல் பிரான்சில் விடி என்பார் வளி நீக்கிய உலோகப் பேழையைக் கொண்டு திரவமில்லாப் பாரமானியை அமைத்தார். 1849இல் பாரிஸ் நகரின் பொறியியலாளர் பூர்டோன் தமது குழாய் மானிக்கு உரிமம் பெற்றார். தட்டையாக்கப்பட்ட குறுக்குவெட்டுடைய ஓர் உலோகக் குழாய் வில்போல வளைக்கப்பட்டிருக்கும். அதன் ஒருமுனை மூடியிருக்கும். மறுமுனை வழியே நீராவியின் அமுக்கம் உட்செல்லும். உள்ளமுக்கம் கூடும்பொழுது தட்டையான குறுக்குவெட்டு வட்டவடிவை நோக்கி விரிய முயல்கின்றது. அதன் விளைவாக வளைந்த குழாய் நிமிர முயல்கின்றது. மூடிய முனையின் சிற்றசைவு நெம்பினாலும் பற்சில்லாலும் பெருக்கப்பட்டுச் சுட்டியைத் திருப்பும். கைக்கடங்கும் ஒரு வட்ட முகப்பில், பல மீற்றர் உயர இரச நிரல் செய்த வேலை நிறைவேறியது. மென்றகடு மானி, துருத்தி மானி என்பனவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. குறைந்த அமுக்கங்களுக்கு அவை பொருத்தமானவை.

கொதிகலத்தோடு இம்மானியை இணைக்கும் குழாய் பன்றிவால்போலச் சுருண்டிருப்பதைப் பலர் கண்டிருப்பர். அச்சுருளிலே குளிர்ந்த நீர் தேங்கி நின்று, சூடான நீராவி மானிக்குள் நுழையாது தடுக்கின்றது. முகப்பிலே சிவப்புக் கோடு ஒன்று இடப்பட்டிருக்கும். அதற்கு அப்பால் கொதிகலத்தை இயக்கலாகாது என்பது அதன் பொருள்.

கோடு இருந்தது என்பதனால் அது மதிக்கப்பட்டது எனக் கொள்ளலாகாது. 1865 ஏப்பிரல் 27இல் மிசிசிப்பி நதியில் சுல்ற்றானா என்னும் நீராவிப் படகின் கொதிகலங்கள் வெடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1905 மார்ச் 20இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் புறொக்டன் நகரச் சப்பாத்துத் தொழிற்சாலையில் கொதிகலம் வெடித்து 58 பேர் மாண்டனர். அதன் பின்னரே 1907இல் அம்மாநிலம் கொதிகலங்கள் பற்றிய சட்டமொன்றை இயற்றியது. பிரித்தானியாவில் கொதிகல வெடிப்புச் சட்டம் வந்தது 1882இல், அதாவது பூர்டோன் மானி தோன்றி முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின். கருவி முன்வந்துவிட்டது, அதன் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டுமென்ற சமூக விதி, பல உயிர்கள் மாய்ந்தபின்னரே வந்தது.

இன்னொரு செய்தியும் இங்கு விதந்து கூறத்தக்கது. ஜேம்ஸ் வாற்றும் அவருடைய உதவியாளர் சதேணும் 1790களில், பொறியின் உருளைக்குள் முசலம் அசையும்போது அமுக்கம் மாறுவதைத் தாளில் வரைந்துகாட்டும் கருவியொன்றை அமைத்தனர். அந்த வரைபு அடைக்கும் பரப்பு, பொறி செய்த வேலையின் அளவாகும். போல்ற்றன்-வாற் நிறுவனம் இக்கருவியைப் பல ஆண்டுகள் பிறரறியாது காத்துவந்தது. அமுக்கத்தை அறிதல் அன்றே வாணிப இரகசியமாகிவிட்டது.

4

20ஆம் நூற்றாண்டில் அளக்கும் இடமும் வாசிக்கும் இடமும் ஒன்றைவிட்டொன்று விலகின. பெருந்தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான குழாய்களின் அமுக்கத்தை ஒரே அறையிலிருந்து கண்காணிக்க வேண்டியதாயிற்று. இதற்கு அமுக்கம் மின்சைகையாக மாற்றப்படல் வேண்டும். அவ்வாறு மாற்றும் உணரிகள் பலவாயினும், முக்கியமானவை ஐந்து.

முதலாவது விகாரமானி. உலோகக் கம்பியை இழுத்தால் அது நீண்டு மெலிகின்றது. ஆகவே அதன் மின்தடை கூடுகின்றது. இவ்வியல்பைக் கெல்வின் 1856இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். எனினும் 1938இலேதான் கலிபோணியாவில் சிமன்சும் மாசச்சூசெற்சில் றூஜும் ஒருவரையொருவர் சாராது, கம்பியைப் பொருளின்மீது ஒட்டி அளக்கும் முறையைக் கண்டனர். றூஜ் அப்பொழுது நிலநடுக்கத்தால் நீர்த்தாங்கிகளுக்கு ஏற்படும் தாக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இடையிற் கழிந்த எண்பத்திரண்டு ஆண்டுகளில் இயற்கை விதி மாறவில்லை. அவ்விதியை வேண்டி நிற்கும் தொழில்கள், குறிப்பாக விமானக் கட்டுமானம், தோன்றியிருந்தன. அமுக்க உணரியில் இத்தகைய கம்பிகளோ மெல்லுலோகத் தாள்களோ மென்றகட்டின்மீது ஒட்டப்படும். தகடு வளையும்போது சில நீளும், சில குறுகும். நான்கு தடைகளை வீற்ஸ்ரன் பாலமாக இணைத்தால், மிகச் சிறிய தடைமாற்றமும் அளக்கத்தக்க மின்னழுத்த வேறுபாடாக வெளிப்படும்.

இரண்டாவது சிலிக்கன் உணரி. 1954இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்மித், சிலிக்கன், ஜேமானியம் ஆகிய குறைகடத்திகளின் மின்தடை, தகைப்பின்கீழ் உலோகத்தினும் பன்மடங்கு மாறுவதை வெளியிட்டார். உலோகத்தில் வடிவமாற்றமே முதன்மையான காரணம்; குறைகடத்தியிலோ, பளிங்கின் உள்ளமைப்பு நெரிபடுவதால் ஏற்றங்கள் நகரும் எளிமையே மாறிவிடுகின்றது. ஒரே சிலிக்கன் துண்டில் மென்றகட்டை அரித்துச் செதுக்கி, அதன்மேலேயே தடைகளையும் அமைக்கலாம் என்பதனால், உணரி அரிசிமணியளவுக்குச் சுருங்கி, இலட்சக்கணக்கில் மலிவாக உற்பத்தியாகின்றது. வாகன எஞ்சினிலும் வீட்டுக் குருதி அமுக்கமானியிலும் இருப்பது பெரும்பாலும் இதுவே. வெப்பநிலை மாறினால் அளவும் மாறிவிடுவது இதன் குறையாதலின், அதனை ஈடுசெய்யும் சுற்றும் உடன் அமைக்கப்படும்.

மூன்றாவது கொள்ளளவ உணரி. ஒன்றையொன்று நோக்கிய இரு தகடுகளுள் ஒன்று அசையாதது. மற்றையது அமுக்கத்தால் வளையும் மென்றகடு. இடைவெளி குறையக் கொள்ளளவம் கூடும். மிகக் குறைந்த அமுக்கங்களை அளக்கவும், மின்சக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும் இது ஏற்றது.

நான்காவது அமுக்கமின் உணரி. 1880இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள், குவாட்ஸ் முதலிய சில பளிங்குகளை நெரித்தால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். இவ்வேற்றம் சிறிது சிறிதாகக் கசிந்துவிடும். ஆகவே மாறாது நிற்கும் அமுக்கத்தை இவ்வுணரியால் நெடுநேரம் காட்ட இயலாது. ஆனால் எஞ்சினின் உருளைக்குள் கணத்துக்குக் கணம் மாறும் அமுக்கத்தை வேறெதனினும் விரைவாகக் காட்டும். வாற்றின் வரைகருவி செய்த வேலையை இன்று செய்வது இதுவே.

ஐந்தாவது பரிவு உணரி. மெல்லிய குவாட்ஸ் சலாகையொன்று மின்னால் அதிரவைக்கப்படும். யாழ் நரம்பை முறுக்கினால் அதன் சுருதி மாறுவதுபோல, அமுக்கம் சலாகையை இழுக்கவோ நெரிக்கவோ செய்யும்பொழுது அதன் அதிர்வு மீடிறன் மாறும். மீடிறனை மிகத் துல்லியமாக எண்ணலாம் என்பதனால், இவ்வகை உணரி நுண்மையிற் சிறந்தது, விலையும் கூடியது.

இவ்வகைகளைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு பொதுமை புலனாகின்றது. எவ்வுணரியும் அமுக்கத்தை நேரே காட்டுவதில்லை. அமுக்கம் நிரலின் உயரமாக அல்லது திடப்பொருளின் வளைவாக மாறுகின்றது. வளைவு தடையாகவோ கொள்ளளவமாகவோ ஏற்றமாகவோ மீடிறனாகவோ மாறுகின்றது. அது பின்னர் எண்ணாக மாறுகின்றது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு கண்ணி. சங்கிலியின் இறுதிக் கண்ணி வாசிப்பவரும், வாசித்ததன்மேற் செயற்பட அவருக்குள்ள அதிகாரமுமாகும். பாடநூல்கள் இக்கண்ணியை விலக்கிவிடுகின்றன. பேரழிவுகள் நேர்ந்த இடங்களை ஆராய்ந்தால் பெரும்பாலும் அறுந்திருப்பது இக்கண்ணியே.

5

முதலாவது எடுத்துக்காட்டு போபால். 1984 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு, யூனியன் கார்பைட் நிறுவனத்தின் பூச்சிகொல்லித் தொழிற்சாலையில் 610ஆம் இலக்கத் தாங்கியில் ஏறத்தாழ நாற்பது தொன் மெதயில் ஐசோசயனேற் இருந்தது. தாங்கியின் அமுக்கம் இரவு பத்தரை மணியளவில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2 இறாத்தலாக இருந்தது. பதினொரு மணியளவில், முறை மாறி வந்த தொழிலாளி கட்டுப்பாட்டறையில் 10 இறாத்தல் எனக் கண்டார். 2 முதல் 25 வரை வழமையான எல்லையாதலின் அது ஐயத்தை எழுப்பவில்லை. நள்ளிரவின் பின்னர் சுட்டி விரைந்தேறி, 55 என்னும் முகப்பின் எல்லையைக் கடந்தது. அதற்குள் பாதுகாப்பு வால்வு திறந்து நச்சுவாயு நகரத்தின்மீது படர்ந்துகொண்டிருந்தது. அரசின் கணக்கின்படியே மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். உண்மைத் தொகை அதனினும் மிகப் பெரிது என்பதே பாதிக்கப்பட்டோரின் கூற்று.

உணரி இங்கே கடமையிற் தவறவில்லை. அரைமணி நேரத்தில் அமுக்கம் ஐந்து மடங்கானதை அது காட்டிற்று. ஆயின் ‘எவ்வளவு’ என்று கேட்டவருக்கு 10 என்பது ஆபத்தற்ற எண். ‘எவ்வளவு விரைவாக ஏறிற்று’ என்று கேட்டிருந்தாலே அது எச்சரிக்கை. அவ்வாறு கேட்பதற்கு முன்னைய முறையின் அளவை ஒப்பிடும் ஓய்வும் பயிற்சியும் வேண்டும். அத்தொழிற்சாலையிலோ, செலவைக் குறைக்கும் பொருட்டு அப்பிரிவின் ஆட்தொகை பன்னிரண்டிலிருந்து ஆறாகக் குறைக்கப்பட்டிருந்தது. தாங்கியைக் குளிரவைக்கும் பொறி சில மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்கும் கோபுரம் இயங்கும் நிலையில் இருக்கவில்லை. மானிகள் பல அடிக்கடி பழுதடைந்தமையால், அவற்றின் சொல்லை முழுதாக நம்பாதிருத்தல் அங்கு வேலைசெய்தோரின் அனுபவ அறிவாகிவிட்டிருந்தது. நிறுவனம் பின்னர், அதிருப்தியுற்ற தொழிலாளி ஒருவரின் நாசவேலையே காரணம் என வாதிட்டது. அவ்வாதத்தை ஒருபுறம் வைத்தாலும், குளிரூட்டியை நிறுத்தியதும் ஆட்களைக் குறைத்ததும் எந்தத் தனித் தொழிலாளியின் முடிவுமல்ல. மானியைப் பார்த்தவருக்குச் செலவைத் தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை. செலவைத் தீர்மானித்தோர் மானியின் முன்னே நிற்கவில்லை.

6

இரண்டாவது எடுத்துக்காட்டு நமது கரைகளைச் சார்ந்தது. ஆழ்கடலிற் சுனாமி அலையின் உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவாகவே இருக்கும். கப்பலில் இருப்போரும் அதனை அறியார். ஆனால் அதன் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். காற்றால் எழும் சாதாரண அலைகளின் விளைவு மேற்பரப்பிலேயே தேய்ந்துவிடும். சுனாமியோ கடலின் முழு ஆழத்தையும் அசைக்கின்றமையால், கடலடியின் அமுக்கம் அதற்கேற்ப மாறுகின்றது. அமெரிக்காவிலே உருவாக்கப்பட்ட ஆழ்கடற் சுனாமி மிதவைகளின் உணரி, 6000 மீற்றர் ஆழத்தில், ஏறத்தாழ 600 வளிமண்டல அமுக்கத்தின்கீழ் இருந்துகொண்டு, ஒரு மில்லிமீற்றர் நீருயரத்துக்குச் சமமான மாற்றத்தையும் அறிய வல்லது. எதிர்பார்க்கப்படும் வற்றுப்பெருக்கை அது கழித்துப் பார்க்கும். எஞ்சும் மாற்றம் பெரிதாயின் ஒலியலை மூலம் மேலே மிதக்கும் மிதவைக்கும், அங்கிருந்து செய்மதி வழியாகக் கரையிலுள்ள மையத்துக்கும் செய்தி அனுப்பும்.

அவ்வுணரியின் உள்ளமைப்பு கவனத்துக்குரியது. கடல்நீரின் அமுக்கத்தை ஏற்பது ஒரு பூர்டோன் குழாய். அது நிமிர முயலும்போது இழுபடுவது ஓர் அதிரும் குவாட்ஸ் சலாகை. 1849ஆம் ஆண்டின் நீராவி மானியும் 20ஆம் நூற்றாண்டின் பரிவு உணரியும் அங்கே ஒன்றாயுள்ளன.

2004 இறுதியில் இத்தகைய மிதவைகள் ஆறு பசுபிக் சமுத்திரத்தில் இருந்தன. இந்து சமுத்திரத்தில் ஒன்றேனும் இருக்கவில்லை. டிசெம்பர் 26 காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது. ஹவாயிலிருந்த பசுபிக் மையம் கால்மணி நேரத்துக்குள் அறிக்கை விடுத்தது. ஆனால் நடுக்கத்தின் பருமனை அது 8.0 எனக் குறைவாகவே முதலில் மதிப்பிட்டிருந்தது. பேரலை எழுந்ததா என்பதை உறுதிப்படுத்தக் கடலடியில் உணரி இல்லை. எழுந்தது எனத் தெரிந்திருப்பினும் அச்செய்தியைக் கரையோர மக்களிடம் சேர்ப்பிக்கும் ஒழுங்கும் இல்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு, காலி, அம்பாந்தோட்டை முதலிய மாவட்டங்களில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் கடலையண்டி வாழ்ந்த எளிய மக்கள்.

அந்த இரண்டு மணி நேரம், நடந்து செல்வோரும் உள்நாட்டுக்கு விலகப் போதுமானது. இதற்கு வேண்டிய விஞ்ஞானம் புதிதன்று. பசுபிக் எச்சரிக்கை மையம், 1946இல் ஹவாயைத் தாக்கிய சுனாமியின் பின், 1949இலேயே அமைந்துவிட்டது. இந்து சமுத்திரத்திற் பெருஞ்சுனாமிகள் அருகியே நிகழ்ந்தன என்பது ஒரு காரணமாகக் கூறப்படுவதுண்டு. அதனை முற்றாக மறுக்க இயலாது. ஆயினும் உணரியை நிறுவும் ஆற்றல் வளமிக்க அரசுகளின் கையிலிருந்தது. கரையில் வாழ்ந்தோர் அவ்வரசுகளின் குடிகளல்லர் என்பதும் அதேயளவு உண்மை.

அழிவின் பின்னர், 2005இல் யுனெஸ்கோவின் அரசிடைக் கடலியல் ஆணைக்குழுவின் கீழ் இந்து சமுத்திர முறைமை தொடங்கப்பட்டு, 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகியவற்றின் மையங்கள் எச்சரிக்கை வழங்கும் பொறுப்பை ஏற்றன. இஃது பெருமுன்னேற்றமே. எனினும் 2018 செப்டெம்பரில் சுலாவெசித் தீவின் பாலு நகரைச் சுனாமி தாக்கியபோது, தமது மிதவைகள் 2012 முதலே இயங்காதிருந்தன என்பதை இந்தோனேசிய அனர்த்த முகாமை நிறுவனமே வெளியிட்டது. பேணுதற்குப் பணம் இருக்கவில்லை. சில மிதவைகள் சேதப்படுத்தப்பட்டுமிருந்தன. கரைக்கு மிக அண்மையில் எழுந்த அவ்வலைக்கு மிதவை உதவியிருக்குமா என்பது வேறு விடயம். நிறுவுதல் ஒருமுறை நடப்பது. பேணுதல் நாள்தோறும் வேண்டப்படும் உழைப்பு. நிறுவுதலுக்குக் கிடைக்கும் நிதியும் விழாவும் பேணுதலுக்குக் கிடைப்பதில்லை.

7

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். அமுக்க உணரிகளின் வளர்ச்சி, கிணற்றுப் பம்பி, நீராவிப்பொறி, விமானம், குறைகடத்தி என உற்பத்திச் சக்திகள் வளர்ந்த வழியையே பின்பற்றியுள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் உணரி நுண்மை பெற்றது, மலிவுற்றது, மனிதக் கண்ணிலிருந்து விலகியது. கருவியைக் குறைகூறுவதோ அதனை வெறுப்பதோ நமது நோக்கமன்று. கொதிகலத்தின் முன் நின்ற தொழிலாளியின் உயிரைக் காத்தவற்றுள் பூர்டோன் மானியும் ஒன்று என்பதை எவரும் மறுக்கார். ஆனால் கருவியின் துல்லியம் தானாகவே பாதுகாப்பாக மாறிவிடும் என்னும் நம்பிக்கை ஆதாரமற்றது. போபாலில் உணரி இருந்தது. அதன் சொல்லை வலுவுள்ளதாக்கும் உழைப்பாளர் தொகையும் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தன. இந்து சமுத்திரத்தில் உணரியே இருக்கவில்லை. முதலாவது குறை உற்பத்தி உறவுகளுள் அமைந்தது. இரண்டாவது, உலக வளங்களின் பங்கீட்டில் அமைந்தது.

ஆகவே ஓர் உணரியைப் பற்றி நாம் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. அது எவ்வாறு இயங்குகின்றது? எங்கே, யாருடைய முடிவின்படி வைக்கப்பட்டுள்ளது? அது காட்டும் எண்ணைப் பார்ப்பவர், வேலையை நிறுத்தவோ மக்களை விலகச் சொல்லவோ அதிகாரமுடையவரா? முதல் வினாவுக்கு இயற்பியல் விடை தருகின்றது. அவ்விடையைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். ஏனைய இரண்டும் ஆய்வுகூடத்துள் தீர்க்கப்படுவனவல்ல. தொழிற்சங்கத்திலும், உள்ளூராட்சி மன்றத்திலும், கரையோரக் கிராமத்தின் கூட்டங்களிலும் அவை கேட்கப்பட்டு விடை பெறப்படல் வேண்டும்.